கம்பியைக் கட்டத் தெரிந்தவனே விமானம் கட்டுக

தம் கையாலேயே ஓர் ஆகாயவிமானத்தைக் கட்டி அதில் பறக்கவேண்டும் என்னும் ஆசையுடைய இளைஞரை நம் மாவட்டத்தில் ஏளனஞ் செய்வார் பலர். அவர்களோடு நாம் உடன்படோம். கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்று, இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கி, பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் விளங்கிய ரே விஜேவர்தன (1924–2010) இந்நாட்டிலேயே இலேசான விமானங்களைத் தாமே கட்டிப் பறந்தவர். மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி தம் வீட்டு மொட்டைமாடியில் விமானங் கட்டினார். அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டிலேயே இத்தகையோர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். ஆகவே ஆசையிற் குற்றமில்லை.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வாசையுடைய மாணவர் சிறகின் வடிவைப் பேசுவர். எஞ்சினின் குதிரைவலுவைப் பேசுவர். மின்கம்பியை எவ்வழியாகக் கொண்டுசெல்வது, எதனாற் பிடித்துவைப்பது என்பதைப் பேசுவாரைக் காணோம். கம்பியைச் செவ்வையாகக் கட்டத் தெரியாதவன் விமானங் கட்டத் தொடங்கலாகாது என்பதே நம் துணிபு.

காரணங் கூறுவோம். சீனன்குடாவிலிருந்து மட்டக்களப்பை நோக்கிக் கரையோரமாக ஒரு சிறு விமானம் செல்வதாகக் கொள்வோம். மூதூரையும் ஈச்சிலம்பற்றையும் கடந்தால் வெருகல். மகாவலியின் ஒரு கிளை கடலொடு கலக்குமிடம். ஒருபுறம் கடல், மறுபுறம் ஆறும் சேறும் பற்றைக்காடும். இறங்கத் தரையில்லை. சிறு விமானங்கள் பலவற்றின் எஞ்சினிலே தீப்பொறி தருவதற்கு மக்னீற்றோ என்னும் கருவி இரண்டுண்டு. விமானி சாவியை அணைக்கும்போது மக்னீற்றோவின் கம்பி எஞ்சினின் உலோக உடலோடு இணைகின்றது. உடனே பொறி நின்றுவிடும். இப்போது அக்கம்பியின் காவலி அதிர்வினால் ஓர் இரும்பு விளிம்பில் உராய்ந்து தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு உலோகத்தைத் தொட்டதென்க. விமானி சாவியைத் தொடாமலே மக்னீற்றோ அணைந்துபோம். இரண்டு கம்பிகளையும் ஒரே கற்றையாக்கி ஒரே பிடிப்பிற் செருகியிருந்தால் இரண்டும் ஒருங்கே அணையவுங் கூடும். கருவியை இரண்டாக வைத்தவன் அறிவையெல்லாம் கம்பி கட்டியவன் சோம்பல் வீணாக்கிவிட்டது. அக்கம்பி அறுந்துபோனாலோ ஆபத்து நேர்மாறானது. தரையிலே சாவியை அணைத்த பின்னரும் மக்னீற்றோ உயிரோடிருக்கும். முன்விசிறியைக் கையாற் சிறிது திருப்பியவன் கையை இழத்தல் கூடும்.

இனி முறையைப் பார்ப்போம். சிறகினுள்ளே விளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளை விலாச்சட்டங்களின் துவாரங்கள் வழியே ஒரு குழாயிற் கொண்டுசெல்வது வழக்கம். துளையிட்டவுடன் அதன் விளிம்பிலுள்ள பிசிறை நீக்குதல் வேண்டும். பின்னர் இறப்பர் வளையம் பொருத்துதல் வேண்டும். குழாயின் உள்விட்டம் கம்பிக் கற்றையின் விட்டத்தினும் ஏறத்தாழக் காற்பங்கு அதிகமாயிருத்தல் நன்று. நெருக்கித் திணித்தால் இழுக்கும்போதே காவலி கிழியும். குழாய்க்குள் இட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்றிருப்பார் உளர். குழாயே அசையுமானால் விலாச்சட்டம் வாளாகி அதை அறுக்கும் என்பதை அவர் மறந்தனர். எனவே குழாயையும் சட்டத்தோடு அசையாமற் பிணைத்தல் வேண்டும். அதன் மிகத் தாழ்ந்த இடத்திற் சிறு துளையிட்டு நீர் வடியச் செய்தலும் வேண்டும். நம் கரையின் உப்புக்காற்றிலே இதனை இருமடங்கு வற்புறுத்துவோம்.

வெளியே செல்லும் கற்றையை இரண்டு அடிக்கு மேற்படாத இடைவெளியில் இறப்பர் உறையுள்ள உலோகப் பிடிப்புகளாற் பற்றவேண்டும். இரு பிடிப்புகளுக்கிடையே கையால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தாழலாகாது; விறைப்பாக இழுத்துக்கட்டலும் ஆகாது. வளைவின் ஆரை கற்றையின் விட்டத்தைப்போற் பத்து மடங்காயினும் இருக்கவேண்டும். பெற்றோல் குழாய்க்கு மேலாகவே கம்பி செல்லவேண்டும்; கூடியவரை ஆறங்குலம் விலகி நிற்கவேண்டும். அக்குழாயையே தாங்கியாகக் கொண்டு கம்பியைக் கட்டுவது பெருந்தவறு. இணைப்புக்கு முன்னே கம்பியைச் சற்றுத் தாழவிட்டால், இறவாரத்திற் சொட்டுவதுபோல் நீர் அங்கே சொட்டிவிடும்; இணைப்பினுட் புகாது. கடைகளில் மலிவாக விற்கும் பிளாஸ்டிக் கட்டுகளை எஞ்சினின் அருகில் நாம் நம்புவதில்லை. வெப்பத்தில் அவை நொறுங்கும்; மெழுகிட்ட நூலால் முடிச்சிட்டுக் கட்டும் பழைய முறையே நமக்குப் பிடித்தது.

இவையெல்லாம் அற்பமெனக் கருதுவார் 1999ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாளை நினைவுகூர்க. அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டு ஐந்து விநாடியில் ஒரு கம்பியிற் குறுஞ்சுற்று ஏற்பட்டது. இரண்டு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் ஒவ்வொன்று செயலிழக்க, எஞ்சியிருந்த கணினிகள் ஓடத்தைக் காத்தன. பின்னர்த் திறந்து பார்த்தபோது, சொரசொரப்பான ஒரு திருகாணித் தலையில் அக்கம்பி உராய்ந்திருந்தது. அதனாலே விண்ணோடங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டுக் கம்பிகள் பரிசோதிக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு, 1998 செப்டெம்பர் 2ஆம் நாள், சுவிசெயார் 111 விமானம் கனடாவின் கரைக்கப்பால் வீழ்ந்து 229 உயிர் மாய்ந்தது. விமானியறைக் கூரைக்கு மேலே கம்பியில் எழுந்த மின்பொறியே அத்தீயின் தொடக்கமாயிருந்திருக்கும் என ஆராய்ந்தோர் கண்டனர்.

வெருகற் பகுதி மக்கள் 2006இல் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சி ஊரைவிட்டு அகன்றவர்கள். விமான ஓசை அவர்களுக்கு அச்சத்தின் ஓசையாயிருந்தது. அவ்வூர்ப் பிள்ளை ஒருவன் நாளை தான் கட்டிய விமானத்தில் அவ்வாற்றுக்கு மேலே பறப்பானாயின், கீழே நின்று பார்க்கும் தாய் அஞ்சாதிருத்தல் வேண்டும். விமானமே கட்டாது போயினுங் குறைவில்லை. மீன்பிடிப் படகின் மோட்டாருக்கும் வயலில் நிற்கும் உழவு இயந்திரத்துக்கும் இதே கம்பிதான், இதே அதிர்வுதான். வலை பொத்தவும் வள்ளத்தைப் பிணைக்கவும் அறிந்த கைகளுக்கு இவ்வித்தை கடினமன்று.

விழா என்றவுடன் வளைவும் கல்வெட்டும் நினைவுக்கு வருதல் நம்மவர் வழக்கம். அவற்றுக்கு முன்னதாகக் கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரு மேசை வேண்டுகின்றோம். அதன்மேல் ஒரு சிறகின் துண்டுபோல அலுமினியத் தகடும் ஐந்தாறு விலாச்சட்டங்களும் அமையட்டும். மாணவன் குழாயும் கம்பியும் பிடிப்பும் பொருத்தி மூடியைத் திருகட்டும். ஒருபக்கம் பாரமேற்றிய தையல் மோட்டார் ஒன்று அதனை இரவு முழுவதும் அதிர்க்கட்டும். காலையில், கட்டியவனல்லாத வேறொரு மாணவன் மூடியைத் திறந்து, ஒவ்வொரு துவாரத்திலும் கம்பியை விரலாற் தடவிப் பார்த்துக் குறிப்பெழுதட்டும்.