ஹெட்செட் விலைக்கு ஒரு மாதக் கணக்கு

திருவண்ணாமலையில் எந்த செல்போன் கடைக்குப் போனாலும் நெக்பேண்டும் இயர்பட்ஸும் வரிசைகட்டித் தொங்குகின்றன. எம்.ஆர்.பி. 4,990 ரூபாய் என்று அச்சிட்ட பெட்டி 1,499-க்குக் கிடைத்தால், 3,491 ரூபாய் மிச்சம் என்ற நிறைவோடு வாங்கிப் போகிறோம். அந்த நிறைவுக்கு ஆதாரம் ஏதும் கிடையாது. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள் அதிகபட்ச சில்லறை விலையைப் பெட்டியில் அச்சிடச் சொல்கின்றன. அதற்கு மேல் விற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த விலைக்கு ஒரு பெட்டியாவது விற்றிருக்கிறதா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே தள்ளுபடியை வைத்து மதிப்பை அளப்பது வீண்வேலை. கொடுக்கும் பணம் தகுமா என்பதற்கு இரண்டே கேள்விகள் போதும்: நமக்கு என்ன வேலை செய்யப்போகிறது, அதை எத்தனை மாதம் செய்யும்?

மாதக் கணக்கை முடிவு செய்வது பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரி சுமார் 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. இயர்பட்ஸ் ஒவ்வொன்றிலும் இருப்பது மிகச் சிறிய பேட்டரி. பெட்டியின் முகப்பில் ‘40 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, டப்பாவில் உள்ள சார்ஜையும் சேர்த்துத்தான். காதில் மாட்டினால் பெரும்பாலும் ஐந்தாறு மணி நேரத்தில் பட்ஸின் சார்ஜ் தீர்ந்துவிடும். நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவருக்குத் தினமும் ஒரு சுற்று என்றால் ஒன்றரை ஆண்டுக்குள் 500 சுற்று முடிந்துவிடுகிறது. நெக்பேண்டில் பெரிய பேட்டரிக்கு இடம் இருக்கிறது. 20 மணி நேரம் ஓடுகிற நெக்பேண்டுக்கு அதே ஆள் வாரத்தில் இரண்டு முறை சார்ஜ் போட்டால் போதும். அதில் ஒயரோ பட்டனோ முன்னால் பழுதாகலாம், பேட்டரி முந்திக்கொள்ளாது. விலை கூடினால் இந்தக் கணக்கு மாறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆப்பிள் ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் நிறுவனம், பழுதுபார்க்கும் வசதிக்கு 10-க்கு 0 கொடுத்தது. பசைபோட்டு மூடிய கூட்டைச் சிதைக்காமல் உள்ளே இருக்கும் பேட்டரியை எடுக்க முடியாது என்பதுதான் காரணம்.

அடுத்தது வேலை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிப் பிழைப்பவர்களை எடுத்துக்கொள்வோம். பூக்கட்டுகிறவரின் இரண்டு கையும் நாரிலும் பூவிலும் இருக்கும். நாளைக்கு எத்தனை முழம் வேண்டும் என்று கேட்டு அழைப்பு வரும். விடுதி வரவேற்பில் இருப்பவர் ஒரு கையால் பதிவேட்டில் எழுதிக்கொண்டே அறை இல்லை என்று அடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சுற்றிலும் ஒலிபெருக்கி, அன்னதானப் பந்தலின் அறிவிப்பு, பேருந்து ஹாரன். இவர்களுக்கு ஹெட்செட் என்பது முதலில் மைக், பாட்டெல்லாம் பிறகுதான். பெட்டியிலோ பேஸ் பற்றியும் டிரைவரின் மில்லிமீட்டர் பற்றியும்தான் பெருமை பேசியிருக்கிறார்கள். ப்ளூடூத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பாட்டு ஓடும்போது இரு காதுக்கும் தனித்தனியாக நல்ல தரத்தில் ஒலி வருகிறது. அழைப்பு வந்ததும், குரல் இரு பக்கமும் போய்வர வேண்டியிருப்பதால், கருவி வேறொரு முறைக்கு மாறி ஒலியை ஒற்றைத் தடமாகச் சுருக்கிவிடுகிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ என்ற ப்ளூடூத் முறை இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது. ஆனால் போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். இல்லாதவரை 1,500 ரூபாய்க் கருவியும் 25,000 ரூபாய்க் கருவியும் அழைப்பின்போது ஏறக்குறைய ஒரே குறுகிய வழியில்தான் போகின்றன. இரைச்சலை வடிகட்டும் மைக்கில்தான் வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்கக் கடைக்குள் பாட்டுப் போட்டுக் கேட்பதால் பயனில்லை. வாசலில், போக்குவரத்துக்கு நடுவே நின்று யாருக்காவது போன் போட்டு, ‘தெளிவாகக் கேட்கிறதா’ என்று அவரைக் கேட்க வேண்டும்.

இப்போது வகுத்துப் பார்க்கலாம். 600 ரூபாய்க் கருவி ஆறு மாதம் உழைத்தால் மாதத்துக்கு 100 ரூபாய். 1,500 ரூபாய்க் கருவி இரண்டு ஆண்டு வந்தால் சுமார் 63 ரூபாய். 25,000 ரூபாய்க் கருவி மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தாலும் மாதத்துக்கு 700 ரூபாயை நெருங்குகிறது. மலிவானதை வாங்கி, கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாமே என்பவர்கள் இந்த முதல் கணக்கைப் பார்க்க வேண்டும். அதோடு, பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்கு வாரண்டி கேட்பது கடினம்; தூக்கிப் போட்ட பேட்டரி ஊரின் குப்பையில்தான் சேர்கிறது.

இசைப் பிரியர்கள் மறுப்பார்கள். நல்ல ஒலிக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லைதான். ஆனால் அந்த ஒலிக்குப் போனும் ஒத்துழைக்க வேண்டும். எல்டாக் என்ற ப்ளூடூத் ஒலிமுறை இருக்கிறது என்று கூடுதல் விலை கொடுத்துவிட்டு ஐபோனோடு இணைத்தால் அது வேலையே செய்யாது. அமைதியான அறையில் கேட்கிறவருக்கு அதே விலையில் ஒயர் ஹெட்போன் பெரும்பாலும் கூடுதல் தரம் தரும். ஒயரே போதுமே என்பது இன்னொரு மறுப்பு. நாளுக்குப் பத்து நிமிடம் பேசுகிறவருக்கு நிச்சயமாகப் போதும். வயர்லெஸ் அவருக்கு ஆடம்பரம். கை ஓயாமல் வேலை செய்கிறவருக்குத்தான் அது தொழில் கருவி. நெக்பேண்ட் பழைய பாணி என்ற முகச்சுளிப்பும் உண்டு. கிரிவலக் கூட்டத்தில் ஒரு பட்ஸ் காதிலிருந்து நழுவி விழுந்தால் தேடிக் குனியக்கூட இடம் இருக்காது. ஒற்றையாக மாற்று வாங்குவது எளிதும் இல்லை, மலிவும் இல்லை. கழுத்தில் கிடப்பது கழுத்திலேயே இருக்கும்.

வாங்குகிறவர் மட்டும் விழிப்போடு இருந்தால் போதாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி விதிமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்கச் சொல்கிறது. ஃபேர்போன் நிறுவனம் 2024-லேயே அப்படி ஓர் இயர்பட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆக, முடியாது என்ற வாதம் எடுபடாது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கிய இந்திய ஒன்றிய அரசு, அடுத்த படியாகப் பெட்டியின் மேல் மூன்று விவரங்களைக் கட்டாயமாக்கலாம்: டப்பா இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓடும், பேட்டரி எத்தனை சுற்று தாங்கும், ஒற்றை பட்ஸின் விலை என்ன. தயாரித்த மாதமும் ஆண்டும் ஏற்கெனவே அச்சாகின்றன; பக்கத்தில் மூன்று வரி சேர்ப்பது பெரிய செலவல்ல. அது வரும்வரை பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி காலத்தில் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்து வாங்கத் தொடங்கினால், தள்ளுபடி எழுத்தின் அளவு தானாகக் குறையும்.