மலை மேல் ஒரு குடிசை வேண்டும்!



குடிசை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு எங்கள் வீடுதான் வரும். நெல்லிக்குப்பத்தில் கரும்புச் சோகை வேய்ந்த வீடு. அப்பா கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் எங்கள் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் சின்னப் பிள்ளை. அன்று ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்தோம். "யாரு, எந்தத் தெருன்னு ஒருத்தரும் கேக்கல, கதவத் தொறந்து விட்டாங்க" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

போன வருஷம் வகுப்பில் எங்கள் சார் ஒரு படம் காட்டினார். இத்தாலி - சுவிட்சர்லாந்து எல்லையில் மான்ட்டே ரோஸா மலை. அதன் ஒரு சிகரத்தில், 4,554 மீட்டர் உயரத்தில், 'மார்கெரிட்டா' என்ற குடில். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்! 1893-ல் திறந்தார்கள். மரச் சட்டங்களை அடிவாரத்திலேயே இழைத்து, கோவேறு கழுதை மேலும் மனிதர் தோளிலும் ஏற்றிக்கொண்டு போய்ப் பூட்டினார்களாம். இப்போது இருப்பது பின்னாளில் புதுப்பித்துக் கட்டியது. சுற்றிலும் செப்புத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். இடி விழுந்தாலும் மின்சாரம் வெளித்தகட்டோடு ஓடிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை. ஈஇஇ நண்பர்களே, நீங்கள் படிக்கும் 'ஃபாரடே கூண்டு' அதுதான்!

அதே மலையில் சுவிட்சர்லாந்து பக்கம் 2,883 மீட்டரில் இன்னொரு குடில், 2009-ல் கட்டியது. சூரிய மின்சாரம், பனி உருகிய தண்ணீர் என்று பெரும்பாலும் தன் காலிலேயே நிற்கிறது. அதன் வடிவமைப்பில் ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கும் பங்கு உண்டு. நம்மைப் போன்ற மாணவர்கள்!

ஆனால் என்னைத் தொட்டது கட்டடம் அல்ல, அங்குள்ள வழக்கம். மலையேறுகிறவர்களும் பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களும் குடிலில் உள்ள நோட்டில் பேரையும், அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் எழுதிவைக்கிறார்கள். ஆள் காணாமல் போனால் எங்கே தேடுவது என்று அந்த நோட்டு சொல்லும். காவலாளி இல்லாத குளிர்காலத்திலும் பல குடில்களில் ஓர் அறையைப் பூட்டாமல் விட்டுப் போகிறார்கள். உள்ளே அடுப்பு, விறகு, கம்பளி இருக்கும். தங்கியவர் காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். நம் ஊர்ச் சத்திரம் தானே இது?

இதை வீட்டில் சொன்னேன். "ஏன்டா தம்பி, மலை உச்சில போய் எவன்டா வீடு கட்டுவான்? பணக்காரன் வேலைடா அது" என்று அப்பா சிரித்தார். "அப்பா, ரெண்டு வருஷம் முன்னாடி மலைக்கோயிலுக்குப் போனோமே, மறந்துட்டியா?" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஒதுங்க ஒரு கூரை இல்லை. முப்பது பேர் ஒரு பாறையிடுக்கில் நின்றோம். நடுங்கிய ஒரு பாட்டிக்கு அப்பா தன் துண்டைத்தான் போர்த்திவிட்டார். அந்தப் பாட்டியா பணக்காரி?

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கூரை இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மேலே யார் இருக்கிறார்கள் என்று எழுதிவைக்கவும், "இன்றைக்குப் போகாதே, திரும்பு" என்று சொல்லவும் மலை மேல் ஓர் ஆள், ஓர் இடம் வேண்டுமா இல்லையா? 2024-ல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். நல்ல காரியம்! பாதைக்கு அடுத்த படி கூரைதான்.

"குடிசை வந்தால் பின்னாலேயே ரோடு வரும், ரிசார்ட் வரும், பிளாஸ்டிக் வரும், காடு கெடும்" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆகவே யானை வழியில் வேண்டாம். ரோடு போகும் இடத்திலும் வேண்டாம். நடந்தே போகிற நீண்ட பாதையில் ஒன்று போதும். கல் சுவர், தகரக் கூரை, இடிதாங்கி, மழைநீர்த் தொட்டி, ஒரு சோலார் விளக்கு, ஒரு நோட்டு, அந்த மலையிலேயே பிறந்த ஒரு காவலாளி. கொண்டுபோன குப்பையை அவரவரே சுமந்து இறங்க வேண்டும். மாணவனும் கூலிக்காரனும் கொடுக்கக்கூடிய வாடகை.

தோழர்களே, இந்தப் பட்டியலில் நம் சிலபஸில் இல்லாதது எது? சிவில், மெக்கானிக்கல், ஈஇஇ மூன்று பிரிவும் சேர்ந்து கடைசி வருஷப் புராஜெக்டாக இதற்கு ஒரு பிளானும் மதிப்பீடும் போட்டால் என்ன? காகிதத்தோடு நின்றாலும் பரவாயில்லை, முதலில் காகிதம்தானே!

கூரை பறந்த ராத்திரியில் திறந்த கதவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு கதவு மலை மேலும் இருக்கட்டும்.

சிந்திப்போம்! சேர்ந்து செய்வோம்!

- இரண்டாமாண்டு சிவில் மாணவன், நெல்லிக்குப்பம்