மெஸ்தாவில் ஒரு மாடி அறை

கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில், தெற்குப் பகுதியில் மெஸ்தா என்று ஒரு கிராமம். அதற்கென்று தனியாக மதில் கிடையாது. ஊர் ஓரத்து வீடுகளின் பின்சுவர்கள்தான் மதில். ஒன்றோடொன்று ஒட்டி, வெளிப்பக்கம் வாசல் வைக்காமல் கட்டி, ஊரைச் சுற்றி ஒரே கல்சுவராக ஆக்கிவிட்டார்கள். மூலைகளில் காவல் கோபுரங்கள். உள்ளே நுழைந்தால் தெருக்கள் சந்து அகலம்தான். நடக்க நடக்கத் தலைக்கு மேலே கல் வளைவுகள் வந்துகொண்டே இருக்கும். சில தெருக்கள் திடீரென்று சுவரில் போய் முட்டி நிற்கும். கடற்கொள்ளையர் உள்ளே வந்தால் வழி தெரியாமல் திணற வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். வெளியாள் நுழையவே கூடாது என்று கட்டிய ஊரில் இன்று வெளியாளுக்கென்று அறை வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் அறையில் தங்கியதைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயுஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் விடியும் நேரத்தில் கியோஸ் நகரம். அங்கிருந்து மெஸ்தா 35 கிலோமீட்டர். பஸ் ஊர் எல்லையோடு நின்றுவிடும். அதற்கு மேல் வண்டி போகாது. பெட்டியின் சக்கரமும் அந்தக் கல் பாவிய தெருவில் உதவாது, தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். விலாசம் இருந்தாலும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்தே வீட்டுக்கார அம்மா தேவாலயத்துச் சதுக்கத்தில் வந்து காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். பெயர் கேட்பதற்கு முன்னால், "சாப்பிட்டாயா பிள்ளை?" என்றுதான் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், எனக்குத் தெரிந்த கிரேக்கம் அதைவிடக் கொஞ்சம். மிச்சத்தைக் கை பார்த்துக்கொண்டது.

வீடு இரண்டு அடுக்கு. கீழ்த்தளம் ஒரு காலத்தில் கோவேறு கழுதைக்கும் தானியத்துக்கும் எண்ணெய்க்கும் உரியது. இப்போது அதில் ஒரு பெரிய மேசையும் அடுப்பும் இருக்கின்றன. குறுகிய கல்படி ஏறினால் வானம் பார்த்த சின்ன முற்றம். அதைச் சுற்றி அறைகள். வெளிப்பக்கம் சன்னல் வைக்க முடியாத ஊரில் வெளிச்சமும் காற்றும் இந்த முற்றம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். என் அறைக்கு வளைவுக் கூரை, சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். பகல் வெயில் சுட்டெரித்தாலும் உள்ளே மின்விசிறி தேவைப்படவில்லை.

முற்றத்திலிருந்து இன்னொரு படி மொட்டைமாடிக்குப் போகிறது. அங்கே நின்றால்தான் இந்த ஊர் எப்படி யோசித்துக் கட்டப்பட்டது என்பது புரியும். மாடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. தெருவையும் வளைவுகள் மூடிவிடுவதால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாடியோடு நடந்தே போகலாம். எதிரி கீழே தெருவில் வழி தேடிக்கொண்டிருக்கும்போது ஊர் ஜனம் மாடி வழியாக ஓடி நடுவிலிருந்த பெரிய கோபுரத்துக்குள் போய்விடும். அந்தக் கோபுரம் இப்போது இல்லை. அதே இடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் பெரிய தேவாலயத்தைக் கட்டிவிட்டார்கள். வளைவுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எதிரெதிர் வீடுகளை அவை தாங்கிப் பிடிக்கின்றன. 1881-இல் பெரும் நிலநடுக்கம் கண்ட தீவு இது.

இத்தனை காவல் எதற்கு? ஒரு மரத்துப் பிசினுக்கு. மஸ்திக் என்ற அந்தப் பிசினை நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிஸ்தா இனத்தைச் சேர்ந்த அந்தக் குட்டை மரம் மத்தியதரைக் கடலோரம் எங்கும் வளரும். ஆனால் விற்பனைக்கு ஆகும் அளவுக்குப் பிசின் வடிப்பது கியோஸின் தெற்குப் பகுதியில்தான். 1346-இலிருந்து 1566 வரை தீவை ஆண்ட ஜெனோவா வணிகர்கள் இதை வைத்துப் பெரும் பணம் பார்த்தார்கள். பிசின் எடுக்கும் ஊர்களைக் கோட்டைக் கிராமங்களாக்கியது அவர்கள் காலத்தில்தான். கொள்ளையரிடமிருந்து மக்களைக் காப்பது ஒரு காரணம். பிசின் திருட்டுப் போகாமல் இருக்க மக்களையே கண்காணிப்பது இன்னொரு காரணம். பிறகு வந்த உதுமானியர்களும் இந்த ஊர்களுக்குத் தனிச் சலுகை கொடுத்து வைத்திருந்தார்கள். 1822-இல் உதுமானியப் படை தீவில் படுகொலை நடத்தியபோது பிசின் கிராமங்கள் பெருமளவு தப்பின. தெலாக்ருவா வரைந்து, இன்று பாரிஸின் லூவ்ரில் தொங்குகிற ஓவியம் அந்தப் படுகொலையைப் பற்றியதுதான். மற்ற ஊர்க்காரர்கள் அழிந்ததையும் தாங்கள் மிஞ்சியதையும் வீட்டுக்கார அம்மா ஒரே மூச்சில் சொன்னார். அதில் பெருமை இல்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

நான் போனது அக்டோபரில். மரத்தடி வேலை முடிந்து வீட்டு வேலை தொடங்கியிருந்தது. கோடை தொடங்கும்போது மரத்தடியைப் பெருக்கி, நிரவி, வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைச் சலித்துப் பரப்புவார்கள். ஜூலையில் கூரான சிறு கருவியால் பட்டையில் கீறல் போடுவார்கள். கீறலிலிருந்து பிசின் துளித்துளியாகக் கசிந்து கீழே விழும். இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடந்து இறுகிய பிறகுதான் பொறுக்க வேண்டும். ஒரு மரத்திலிருந்து ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது சராசரியாக 200 கிராமுக்கும் குறைவு. அந்த நேரத்தில் மழை பெய்தால் அதுவும் வீணாகும்.

பொறுக்கியதைச் சலித்து, அலசி, உலர்த்தி, பிறகு ஒவ்வொரு துளியாகக் கையில் எடுத்துச் சிறு கத்தியால் ஒட்டியிருக்கும் மண்ணையும் பட்டைத்தூளையும் சுரண்ட வேண்டும். கீழ்த்தளத்து மேசையில் நான் காலை உணவு சாப்பிடும்போது எதிரே அதுதான் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாவும் அவருடைய நாத்தனாரும் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தட்டில் கற்கண்டுத் துண்டுகள் போலப் பிசின் குவியல். கத்தி முனை துளியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றும். மண் உதிரும். துளி அடுத்த தட்டில் விழும். பேச்சு நிற்கவே நிற்காது. நானும் ஒரு கத்தி கேட்டேன். மூதாட்டி என் கையைப் பிடித்து, கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பிறகு ஒரு துளியை வாயில் போடச் சொன்னார். முதலில் கசப்பு. பல்லில் நொறுங்கி மாவாகிறது. மெல்ல மெல்ல இறுகி, பைன் மரத்தின் வாசம் வாய் முழுவதும் பரவுகிறது. அன்று முழுவதும் அந்த வாசம் போகவில்லை.

இந்த மேசைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அறை வாடகை இந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது வருமானம். முதல் வருமானம் அந்தத் தட்டில் இருக்கிறது. 1938-இல் தொடங்கிய விவசாயிகள் சங்கம் ஒன்று பிசினை மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் 2014-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடமும் கிடைத்தன. பயணிகள் வராவிட்டாலும் ஊர் பிழைக்கும். பிழைப்புக்கு வேறு வழி இருப்பவரிடம் விருந்தாளியாகத் தங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நம்மைப் பிடித்து எதையாவது விற்றாக வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. நமக்காக ஊரை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அறை வாடகையில் மெஸ்தா தொடங்கிய இடத்திலிருந்தே வேறு திசையில் போன ஊரும் உண்டு. 1970-களின் நடுவில் கிரேக்க அரசின் சுற்றுலா அமைப்பு, ஆளில்லாமல் சிதைந்துகொண்டிருந்த பழைய வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் இல்லங்களாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மெஸ்தாவும் அதில் இருந்தது, சாந்தோரினி தீவின் ஓயாவும் இருந்தது. 1956 நிலநடுக்கத்துக்குப் பின் பாதி காலியாகிப்போன ஊர் ஓயா. அந்தத் திட்டம் இரண்டு ஊர் வீடுகளையும் விழாமல் காப்பாற்றியது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்று ஓயாவில் மாலைச் சூரியனைப் பார்க்கத் தோளோடு தோள் இடித்துக் கூட்டம் நிற்கிறது. எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த ஓயாவின் குகை வீடுகளில் பல இப்போது வாடகை அறைகள். மெஸ்தாவில் இன்னும் மாலையில் நாற்காலியைத் தெருவில் போட்டுக்கொண்டு கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிசின் இல்லாவிட்டால் இந்த ஊரும் எப்போதோ அந்தப் பக்கம் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

பெண்கள் கையில் இந்த அறைகள் வந்த கதையும் எனக்குப் பிடித்தது. பக்கத்துத் தீவான லெஸ்போஸின் பெத்ரா கிராமத்தில் 1983-இல் பெண்கள் கூட்டுறவு ஒன்று தொடங்கினார்கள். உறுப்பினர்கள் தங்கள் வீட்டு அறையை வாடகைக்கு விட்டு, சேர்ந்து ஓர் உணவகமும் நடத்தினார்கள். தங்கள் உழைப்புக்குத் தங்கள் பெயரிலேயே காசு என்பது அந்தப் பெண்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை. கியோஸின் தெற்குக் கிராமத்துப் பெண்களும் அதே வழியில் கூட்டுறவு அமைத்தார்கள். என் வீட்டுக்கார அம்மாவும் அறைக் காசைத் தானே எண்ணி வாங்கித் தன் டப்பாவில்தான் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் தங்கினால் அந்த வீட்டு வழக்கத்துக்கு நாம்தான் இசைய வேண்டும். கழிப்பறைத் தாளைத் தொட்டியில் போடக் கூடாது, பக்கத்திலிருக்கும் கூடையில் போட வேண்டும். கிரேக்கத்தில் பல இடங்களில் கழிவுக் குழாய்கள் குறுகல். வெந்நீர் கூரை மேலிருக்கும் சூரிய வெப்பத் தொட்டியிலிருந்து வருகிறது. மப்பான நாளில் முன்கூட்டியே சொன்னால் சுவிட்சைப் போடுவார். பிற்பகல் மூன்று, மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை சத்தம் கூடாது. வழக்கம் என்பதோடு சட்டமும் அதைச் சொல்கிறது. அந்த நேரத்தில் தெருவில் நடந்தால் நம் செருப்புச் சத்தமே நமக்குப் பெரிதாகக் கேட்கும். இரண்டாம் நாளிலேயே நானும் தூங்கப் பழகிவிட்டேன்.

காலையில் ரொட்டி, ஆலிவ் எண்ணெய், கெட்டித் தயிர், கியோஸ் மாண்டரின் ஆரஞ்சில் செய்த ஜாம். சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்ட குட்டித் தக்காளியிலிருந்து இரண்டு மூன்று பிய்த்துத் தட்டில் வைப்பார். இரவில் அத்திப்பழத்தில் வடித்த சூமா ஒரு சின்னக் கோப்பை. விலைப் பட்டியலில் இது எதுவும் இல்லை.

வீட்டுக்கார அம்மாவின் மகள் ஏதென்ஸில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவே மொழிபெயர்த்தவர் அவர்தான். வீட்டை முழுவதுமாக இணையத்தில் வாடகைக்கு விட்டு, கதவருகே எண் பூட்டுப் பெட்டியில் சாவியை வைத்துவிட்டு, அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது மகளின் விருப்பம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படிகள் செங்குத்து. மகள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்ட வீடுகள் ஊரில் பெருகினால் சதுக்கத்தில் வந்து காத்திருக்க ஆள் இருக்காது, அந்த மேசையில் கத்தி பிடிக்கவும் ஆள் இருக்காது. ஏதென்ஸின் நடுப்பகுதிகளில் 2025 தொடக்கத்திலிருந்து இத்தகைய புதிய வாடகைப் பதிவுகளை அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. நகரத்தில் குடியிருப்போருக்கு வீடு கிடைக்கவில்லை என்பது அங்கே காரணம். கிராமங்களுக்கும் ஏதாவது ஒரு வரம்பு வேண்டும். அதுவரை, அறை பதிவு செய்யுமுன் வீட்டுக்காரர் அந்த வீட்டிலோ அந்தத் தெருவிலோ குடியிருக்கிறாரா என்று ஒரு வரி எழுதிக் கேட்க நம்மால் முடியும். நான் இனிமேல் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.

மெஸ்தாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆகஸ்ட் கடைசியில் போனால் பிசின் பொறுக்குவதைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். ஆனால் காலை உணவுக்கு வீட்டுக்கார அம்மாவை எதிர்பார்க்காதீர்கள். வெயிலில் பிசின் இளகிவிடும் என்பதால் விடியுமுன்பே மரத்தடிக்குப் போய்விடுவார். ரொட்டியும் ஜாமும் மேசையில் மூடி வைத்திருக்கும். கூடப் போக ஆசையிருந்தால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள், எழுப்பி அழைத்துப் போவார்.