குழாய் முனையும் கைப்பழக்கமும்

பெங்களூரு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். காவிரியோ தாழ்ந்த நிலத்தில் பாய்கிறது. ஆதலால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீர் மின்னாற்றலால் மேலேற்றப்பட்டே நகரை அடைகிறது. அவ்வாறு மேடேறி வந்த நீர், பாத்திரம் துலக்கும் தொட்டியில் வீணே ஓடலாமா?

2024ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. மக்கள் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்திருந்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகள், உணவகங்கள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் குழாய்களில் 'ஏரேட்டர்' பொருத்த வேண்டும் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. ஏரேட்டர் என்பது குழாயின் முனையில் திருகிப் பொருத்தும் சிறு வலைக் கருவி. அது நீரோடு காற்றைக் கலந்து, குறைந்த நீரையே நிறைந்த தாரைபோல் விழச் செய்கிறது.

இக்கருவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், கருவி மட்டும் போதுமா?

நிமிடத்திற்கு 10 லிட்டர் நீர் தரும் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவைத்துப் பாத்திரம் துலக்கினால் 100 லிட்டர் செலவாகும். ஏரேட்டர் அதைப் பாதியாக்கினால் 50 லிட்டர். ஏரேட்டர் இல்லாமலே, தேய்க்கும்போது குழாயை மூடி, அலசும் மூன்று நிமிடம் மட்டும் திறந்தால் 30 லிட்டரே ஆகும். இரண்டும் சேர்ந்தால் 15 லிட்டர் போதும். ஆகவே, கருவியினும் பழக்கமே பெரிது. இரண்டும் இணைவது அதனினும் சிறந்தது.

நீர் மெல்ல வருவதால் நேரம் வீணாகிறது என்பர் சிலர். குடம் நிரப்புகையில் அது உண்மையே. அங்கே ஏரேட்டரால் சேமிப்பும் இல்லை. ஆயினும், அலசுவதற்கு ஒரு நிமிடம் கூடினாலும் செலவு 20 லிட்டரைத் தாண்டாது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்து வலை அடைபடும் என்பதும் உண்மை. அதைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவினால் அடைப்பு நீங்கும்.

தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு, ஒரு வாளி நீரில் பாத்திரம் துலக்கிய முன்னோரிடம் ஏரேட்டர் இல்லை. அளவறிந்த கை இருந்தது. அக்கையை இன்றைய பிள்ளைகளும் பெற வேண்டுமாயின், பாத்திரம் துலக்குவது அம்மாவின் வேலை, பணிப்பெண்ணின் வேலை என்று ஒதுங்கலாகாது. தான் உண்ட தட்டைத் தானே கழுவுபவரே நீரின் அருமையை அறிவர்.

அருஞ்சொற்பொருள்
துலக்குதல் – தேய்த்துத் தூய்மை செய்தல்
தாரை – இடைவிடாது விழும் நீர்

சிந்தித்து எழுதுக
ஏரேட்டர் எவ்விடத்தில் நீரைச் சேமிக்காது? ஏன்?