கோட்டைக்குள்ளே ரூம் வேண்டாம் அண்ணாச்சி!

நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் கிளம்புகிறார். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, பாலைவனத்தில் இறங்க டிக்கெட் போட்டாச்சு. 'ரூம் கோட்டைக்குள்ளேயே சொல்லிட்டேன்' என்றார் பெருமையாக.

அங்கேதான் எனக்குக் கோபம். 1156-ல் எழும்பிய கோட்டை அது. மழை அபூர்வமான ஊரில், குடத்தில் தண்ணீர் சுமந்தவர்கள் வாழக் கட்டியது. இன்று குழாய்க் கசிவு இறங்கி, அடிமண் இளகுகிறது. 1990-களில் கொத்தளங்களே சரிந்தன. 2013-ல் யுனெஸ்கோ கொடுத்த பாரம்பரியப் பட்டமா சுவரைத் தாங்கும்?

'உள்ளே ஜனங்க குடியிருக்காங்களே?' என்பீர்கள். அது அவர்கள் வீடு, சார்! நாமோ கால்வாயில் முங்கி வளர்ந்த நாஞ்சில்நாட்டுக்காரர்கள். தினம் ரெண்டு குளியல் இல்லாமல் சோறு இறங்காது.

ரூமை மாத்துங்க அண்ணாச்சி. கோட்டையை ஏறிப் பாருங்க. குளியலைக் கீழே ஊருக்குள்ளே வச்சுக்குங்க.