விரலுக்குத் தகுந்த உயரம்

கலை கற்க வேண்டுமானால் உடலை வருத்தித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. விரலில் இரத்தம் கட்டினால் “நன்றாகச் சாதகம் செய்கிறான்” என்று பாராட்டுகிறோம். டபுள் பேஸ் பயிலும் மாணவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. உழைப்பு வேறு, வீண் வலி வேறு.

2025 மார்ச் 8ஆம் நாள் இளையராஜாவின் சிம்பொனி இலண்டனில் அரங்கேறிய பிறகு, சிம்பொனி என்ற சொல் நம் வீட்டுக் கூடங்களிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. அத்தகைய இசைக்குழுவில் மந்தர ஒலியைத் தாங்கி நிற்பது டபுள் பேஸ். ஆளுயரத்தை மிஞ்சிய கருவி. தந்தியின் அதிரும் நீளம் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல். நான்கு தந்திகளின் இழுவையையும் கூட்டினால் நூறு கிலோவைத் தாண்டும். இந்த இழுவையை எதிர்த்துத்தான் இடக்கை விரல்கள் அழுத்த வேண்டும்.

எவ்வளவு தூரம் அழுத்துவது? அதை முடிவு செய்வதுதான் தந்தியின் உயரம். விரற்பலகையின் கீழ் முனையில், பலகைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து சொல்வார்கள். எஃகுத் தந்தி பூட்டிய கருவியில் மெல்லிய ஜி தந்தி 5, 6 மில்லிமீட்டரிலும், பருமனான இ தந்தி 8, 9 மில்லிமீட்டரிலும் இருப்பது வழக்கம். நான் முதலில் பயின்ற பொதுக் கருவியிலோ இ தந்தி 12 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய வேறுபாடு என்று நினைக்கலாம். ஒரு மணி நேரப் பயிற்சியில் விரல் எத்தனை ஆயிரம் முறை இறங்கி ஏறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முற்காலத்தில் உயரம் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அன்று ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்திகள். அவை அகலமாக அதிரும். இடம் கொடுக்காவிட்டால் பலகையில் உரசும். ஒலிபெருக்கியும் இல்லாததால் வலுவாக மீட்டியாக வேண்டும். இன்று பெரும்பாலோர் எஃகுத் தந்தியில் வாசிக்கிறோம். காரணம் போன பின்னும் உயரம் மட்டும் ஏன் வீரத்தின் அடையாளமாக நிற்க வேண்டும்?

நம் மரபையே பாருங்கள். கருநாடக இசையில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் நான்கு, ஐந்து கட்டையிலும் பாடுகிறார்கள். அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தேர்ந்தெடுப்பதை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. குரலுக்குத் தந்த உரிமையை விரலுக்கு ஏன் மறுக்கிறோம்?

நான் பிறந்து வளர்ந்த பிரிஞ்சாங்கில் தேயிலையே இதற்குச் சான்று. தேயிலை உண்மையில் மரம். விட்டால் பத்து மீட்டருக்கும் மேல் வளரும். அதைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் பாட்டிமார் கொழுந்து பறித்த காலத்தில் அந்த உயரத்தை நிர்வாகம் இரக்கப்பட்டு வைக்கவில்லை. கை எட்டாத கொழுந்து கூடைக்கு வராது என்ற கணக்குத்தான். கணக்குப் பார்க்கும் தோட்டத்துக்கே தெரிந்த உண்மை, கலை வளர்க்கும் நமக்குத் தெரிய வேண்டாமா?

தந்தியைத் தாழ்த்தினால் நாதம் மெலியும் என்று மூத்த கலைஞர்கள் எச்சரிப்பதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் தந்தி பலகையில் பட்டு இரையும். வில்லை அழுத்தி இழுக்க முடியாது. ஆகவே எல்லையை ஒலியே வகுக்கட்டும். நீங்கள் வாசிக்கும் பாடலின் மிக உரத்த சுரமும் இரைச்சலின்றி ஒலிக்க எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ, அதுவே தொடக்க அளவு. இன்னும் கனத்த நாதம் வேண்டுவோர் அங்கிருந்து உயர்த்திக்கொள்ளலாம். அது அவர்கள் விருப்பம். பிறர் மீது சுமத்தும் விதியாகக் கூடாது.

ஒரு முறை அளந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சூழ்ந்த ஊர். கோலாலம்பூரின் குளிரூட்டிய அறையில் சரிபார்த்த கருவியை இங்கே கொண்டு வந்தால், ஈரத்தில் மேற்பலகை உப்பிக் குதிரையையும் தந்தியையும் மேலே தூக்கும். மறுபடி வறண்ட அறைக்குப் போனால் தந்தி தாழ்ந்து இரையத் தொடங்கும். ஒட்டுப்பலகைக் கருவியில் இந்த மாற்றம் குறைவு. செதுக்கிய மரத்தில் அதிகம்.

இதற்குத் தீர்வு எளியது. குதிரையின் இரு கால்களிலும் திருகுச் சக்கரம் பொருத்திக்கொள்ளலாம். தந்தியைச் சற்றே தளர்த்தி, இரண்டையும் சமமாகத் திருப்பினால் உயரம் மாறும். கழுத்தின் உச்சி மேட்டில் இடைவெளி பெயரட்டையின் கனத்துக்கு மேல் இருந்தால், அதைக் கருவி செப்பனிடுபவரிடம் காட்டிச் சீர்செய்ய வேண்டும்.

பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலும் ஒரே கருவியைப் பலர் பகிர்ந்து வாசிக்கிறோம். ஆகவே ஒவ்வொரு பொதுக் கருவிக்கும் திருகுச் சக்கரமும், ஓர் அளவுகோலும், ஒரு குறிப்பேடும் வேண்டும் என்பது என் கோரிக்கை. குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவருக்கேற்ற உயரம் எழுதப்படட்டும். சிறிய கை உடைய மாணவிகளே பெரும்பாலும் “கையில் வலுவில்லை” என்ற பழியோடு விலகிப் போகிறார்கள். விலகுகிறவர் திறமையில்லாதவர் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்த முறை ஒரு தங்கை கை வலிக்கிறது என்று சொன்னால், “பழகிவிடும்” என்று சொல்வதற்கு முன் அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள்.