'தம்பி' என்ற ஒரு சொல்

சென்ற சித்திரையில் ஜவ்வாது மலையடிவாரத்தில், போளூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில், விடிய விடியக் கூத்துப் பார்க்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. திரௌபதியம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அன்று துகிலுரிதல். துச்சாதன வேஷக்காரர் சேலையில் கை வைக்குமுன் கர்ப்பூரம் ஏற்றித் திரௌபதியை வணங்கிக்கொண்டார். திரௌபதி வேஷம் கட்டியவரும் ஆண்பிள்ளைதான்; ஆனால் அந்த நினைவு அங்கே ஒருவருக்கும் இல்லை.

பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் விருத்தங்களைப் பாடிப் பொருள் சொன்னபோது கைகூப்பியபடி மௌனமாக இருந்த கிழவிகளை, இரவிலும் கண்டோம். கூத்துத் திரௌபதி தங்கள் ஊர்ப் பேச்சிலேயே சபையோரைக் கேள்வி கேட்கத் தொடங்கியதும், "கேளும்மா, நல்லாக் கேளு!" என்று அவர்கள் குரல் கொடுத்தார்கள். பகலில் அவள் தெய்வம். இரவில் அவர்கள் வீட்டுப் பெண். கதை மாறவில்லை, மொழிதான் மாறியது.

ஊர் திரும்பியதும் பாரதியாரின் 'பாஞ்சாலி சபத'த்தை மறுபடி எடுத்தோம். அதன் முதற் பாகம் 1912-ல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அச்சேறியது 1924-ல். கவி மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின். எளிய சொல், எளிய நடை, பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு ஆகியவையே தமது நோக்கம் என்று முகவுரையில் அவர் சொல்லியிருக்கிறார். வாசகர்களுக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு என்றே இதுவரை நாம் எண்ணியிருந்தோம். கூத்துப் பார்த்த பிறகுதான், அந்த எளிமையே பாஞ்சாலிக்கு உயிர் கொடுத்திருக்கிறது என்று விளங்கிற்று.

துச்சாதனன் அந்தப்புரத்தில் நுழைந்து அவளை 'அடி' என்று விளிக்கிறான். அவளோ தான் யார் மகள், யார் தேவி என்பதை நினைவூட்டி, 'தம்பி' என்று மறுமொழி தருகிறாள். வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் போகும்படி உத்தரவும் இடுகிறாள். தமிழ்க் குடும்பத்தில் அண்ணி கொழுந்தனை அழைக்கும் சொல் அது. அன்பும் உண்டு, அதிகாரமும் உண்டு. உறவு முறையை அவன் மறந்தான், அவள் மறக்கவில்லை. 'அவள் அஞ்சாநெஞ்சினள்' என்று கவி நூறு அடைமொழி அடுக்கியிருந்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு ஈடாகுமா?

சபைக்கு இழுத்து வரப்பட்ட பின்பும் அப்படியே. தன்னைத் தோற்ற பிறகு மனைவியைப் பணயம் வைக்கக் கணவனுக்கு ஏது உரிமை என்பது அவள் கேள்வி. பீஷ்மர் பழைய சாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார். அவரை அவள் வசைபாடவில்லை. 'ஐயா' என்றே விளித்து, மிக நன்றாகச் சொன்னீர் என்று புகழ்கிறாள். உடனே, சீதையைச் சிறைவைத்த இராவணனும் தன் மந்திரிகளைக் கேட்டு நியாயம் பெற்றான் என்ற கதையை எடுத்துவிடுகிறாள். மரியாதைச் சொல்லே சாட்டையாகிவிடுகிறது. அதையடுத்து அவள் சொல்லும் ஒரு வரி இன்று தமிழ்நாட்டில் பழமொழி போல் வழங்குவதை நேயர்கள் அறிவார்கள்.

குறையையும் சொல்லவேண்டும். அவளை வீதியில் இழுத்துச் சென்றபோது வாளா அழுதுநின்ற ஊராரைக் கவி இகழ்கிறார், நியாயமான கோபந்தான். ஆனால் அவர்கள் புலம்பலைப் பழிக்க அவர் எடுத்த சொல் 'பெட்டை' என்பது. சபை முழுவதும் வாயடைத்திருக்க, பேசத் துணிந்தவள் ஒரு பெண் அல்லவா? அவளைப் படைத்த பேனாவிலிருந்தே இச்சொல்லும் வந்தது விந்தை. பழக்கத்தில் வந்த சொல் மகாகவியையும் ஏமாற்றிவிடும் போலும்.

இன்று கதை எழுதுவோர் பலர் தம் நாயகியை 'வீராங்கனை' என்று முதற்பக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். அப்புறம் அவள் வாய்திறந்தால் மேடைப் பிரசங்கம்! அவளுக்கென்று ஒரு சொல்லை ஆசிரியர் தேடித் தந்திருந்தால் அந்தப் பட்டம் வேண்டியிருக்காது.

காவியம் பாஞ்சாலியின் சபதத்தோடு முடிகிறது. வீமனும் விஜயனும் சபதம் செய்தபின், கடைசிச் சபதம் அவளுடையது. மலையடிவாரக் கிழவிகள் அன்றிரவு வேண்டியதும் அதைத்தான்: அவள் பேசவேண்டும், பிறர் கேட்கவேண்டும்.